மணம் போன வழி

"ஆற்றிலே போட்டுக் குளத்திலே தேடுகிறான்" என்று, நடக்காத காரியத்தில் இறங்குபவனைப் பரிகசிப்பது நம்மவர் வழக்கம். இந்தப் பழமொழி பிறந்த ஊர் விருத்தாசலம் என்று சொல்வார்கள். முதுகுன்றம் என்பது அதன் பழைய தமிழ்ப் பெயர். அங்கே பழமலைநாதரிடம் பெற்ற பொன்னைச் சுந்தரமூர்த்தி நாயனார், இறைவன் கட்டளைப்படி மணிமுத்தாற்றில் போட்டுவிட்டுத் திருவாரூர்க் கமலாலயக் குளத்திலே இறங்கி எடுத்துக்கொண்டார் என்பது பெரிய புராணம் சொல்லும் வரலாறு. நாயனார் பக்தர் மட்டும் அல்லர், காரியவாதியுங்கூட. ஆற்றில் போடுமுன் அந்தப் பொன்னில் ஒரு துணுக்கு வெட்டிக் கையில் வைத்துக்கொண்டாராம். அதற்கு மச்சம் என்று பெயர். குளத்தில் கிடைக்கும் பொன் அதே மாற்றுத்தானா என்று உரைத்துப் பார்க்க வேண்டாமா?

நான் சொல்ல வந்தது பொன்னைப் பற்றியது அன்று, பூவைப் பற்றியது. அந்தி சாய்ந்ததும் மல்லிகை மலர்கிறது. தன்னிடம் உள்ள செல்வத்தையெல்லாம் காற்று என்னும் ஆற்றிலே போட்டுவிடுகிறது. அது எப்படிப் போகிறது? எவ்வளவு தூரம் போகிறது? கடைசியில் எந்தக் குளத்திலே போய்ச் சேருகிறது? வாசகர்கள் சிரிக்க வேண்டாம். இந்தக் கேள்விக்காக ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆண்டுகளாகப் பெரிய பெரிய மூளைகள் சண்டை போட்டிருக்கின்றன. அந்தச் சண்டையின் சரித்திரத்தைத்தான் சொல்லப் போகிறேன்.

வாசனையைப் பற்றிய சர்ச்சை என்றவுடனே தமிழர்களுக்குத் தருமியும் நக்கீரரும் நினைவுக்கு வருவார்கள். பெண்களின் கூந்தலுக்கு இயற்கை மணம் உண்டா என்பது அங்கே வழக்கு. இல்லை, பூவும் எண்ணெயும் கொடுத்த மணந்தான் என்று சாதித்தார் நக்கீரர். அவரது கட்சியை நம் பாட்டிமார் இன்னும் சுருக்கமாகச் சொல்லிவிட்டார்கள்: பூவோடு சேர்ந்த நாரும் மணம் பெறும். இந்த நாரை வாசகர்கள் மறந்துவிடக் கூடாது. கதையின் பிற்பகுதியில் அது மறுபடி வரும்.

கணாதர் பெயரால் வழங்கும் வைசேஷிக தரிசனம் இதைப் பற்றி ஒரு தீர்மானமான முடிவு சொன்னது. ஐந்து பூதங்களுக்கும் ஆளுக்கொரு சிறப்புக் குணம் உண்டு. ஆகாயத்துக்கு ஓசை, காற்றுக்கு ஊறு, தீக்கு ஒளி, நீருக்குச் சுவை, மண்ணுக்கு மணம். ஆகவே காற்றுக்குச் சொந்தமாக மணம் கிடையாது. காற்று மணக்கிறது என்றால், மண்ணின் அம்சமான நுண்துகள்கள் அதன்மேல் ஏறிச் சவாரி செய்கின்றன என்று பொருள். பூவும் மண்ணின் பிள்ளைதானே!

சரி, பூவிலிருந்து துகள்கள் கிளம்பிப் போகின்றன என்றால் பூ குறைந்துபோக வேண்டாமா? இந்தக் கேள்வி எங்கே எழுந்தது தெரியுமா? பிரம்ம சூத்திரத்துக்குச் சங்கரர் எழுதிய பாஷ்யத்திலே. ஏறக்குறைய எட்டாம் நூற்றாண்டு. ஆன்மா அணுவளவா, எங்கும் நிறைந்ததா என்று வாதம் நடக்கிறது. அணுவளவுதான் என்னும் கட்சிக்காரர் பூவை உதாரணத்துக்கு அழைத்து வருகிறார். பூ ஓரிடத்தில் இருக்க, அதன் மணம் மட்டும் பூவைத் தாண்டிப் பரவவில்லையா? அப்படியே அணுவான ஆன்மாவின் அறிவும் உடல் முழுவதும் பரவும் என்கிறார்.

மணம் தனியே போகவில்லை, துகளோடுதான் போகிறது என்று ஒருவர் மறுக்கிறார். அப்படியானால் பூவின் எடையும் உருவமும் குறையவேண்டுமே, குறையக் காணோமே என்று பதில் வருகிறது. போவது மிகக் கொஞ்சம், அதனால் குறைவது தெரியவில்லை என்கிறார் மறுப்பவர். உடனே அடுத்த அம்பு: அணுக்கள் புலனுக்கு எட்டாதவை, நாககேசரப் பூவின் மணமோ மூக்கைத் துளைக்கிறது, எட்டாத ஒன்று எப்படி இவ்வளவு பலமாக எட்டும்? நல்ல கேள்வி! கடைசியில் சங்கரர் தம் முடிவைச் சொல்கிறார். குணம் என்பது தன்னைத் தாங்கும் பொருளை விட்டுத் தனியே புறப்படாது. புறப்பட்டால் அது குணமே அன்று. மணமும் தன் பொருளைச் சார்ந்துதான் செல்ல முடியும்.

ஆன்மாவைப் பற்றிய வழக்கைத் தீர்த்து வைக்க எனக்குத் தகுதி இல்லை. ஆனால் பூவைப் பற்றிய வழக்கில் சங்கரர் பக்கமே தீர்ப்பாகியிருக்கிறது. பூ துகளைத்தான் அனுப்புகிறது. மல்லிகையிலிருந்து கிளம்பும் லினலூல், பென்ஸைல் அஸிடேட், இண்டோல் முதலிய பொருள்கள் எல்லாம் எடை உள்ளவை. ஒரு பூ ஒரு மணி நேரத்தில் செலவழிப்பது மைக்ரோகிராம் கணக்கில், அதாவது கிராமைப் பத்து லட்சம் கூறு போட்டு எண்ண வேண்டிய கணக்கில் இருக்கும். தட்டான் கடைத் தராசு அதை எப்படிக் காட்டும்? மூக்கு என்னும் தராசு காட்டிவிடுகிறது. சில பொருள்களை லட்சம் கோடிப் பங்கு காற்றில் சில பங்கே இருந்தாலும் நம் மூக்கு கண்டுபிடித்துவிடும். நாககேசரக்காரர் அணுவைக் குறைத்து மதிக்கவில்லை. தம் மூக்கைத்தான் குறைத்து மதித்துவிட்டார்!

* * *

இனிச் சண்டைக்களம் ஐரோப்பாவுக்கு மாறுகிறது.

1857-ஆம் ஆண்டில் ஜெர்மானியரான ருடால்ஃப் கிளாஸியஸ் என்னும் பௌதிக சாஸ்திரி ஒரு கட்டுரை வெளியிட்டார். வாயுக்களின் மூலக்கூறுகள் ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றின் வேகம் விநாடிக்குப் பல நூறு மீட்டர் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். துப்பாக்கிக் குண்டின் வேகம்!

அடுத்த ஆண்டே ஹாலந்து தேசத்து யூட்ரெக்ட் நகரிலிருந்து ஓர் ஆட்சேபம் வந்தது. எழுப்பியவர் பைஸ் பாலட். காற்றும் புயலும் அவருடைய தொழில். காற்று வீசும் திசையைக் கொண்டு காற்றழுத்தத் தாழ்வு எந்தப் பக்கம் இருக்கிறது என்று சொல்லும் விதிக்கு இன்றைக்கும் அவர் பெயர்தான். அவர் கேட்ட கேள்வியில் கணிதமே இல்லை. மூலக்கூறு துப்பாக்கிக் குண்டு வேகத்தில் ஓடுவது மெய்யானால், அறையின் ஒரு மூலையில் குளோரின் வாயுவைத் திறந்துவிட்டால் மறு மூலையில் கண் இமைக்கும் நேரத்துக்குள் நாற்றம் அடிக்க வேண்டுமே? நிமிஷக் கணக்கில் ஆகிறதே, ஏன்? அமைதியான அறையில் புகை வெகு நேரம் அப்படியே மிதந்துகொண்டிருப்பது எப்படி?

நம் ஊர் முறையில் சொன்னால் இப்படி வைத்துக்கொள்ளலாம். கல்யாண வீட்டுக் கொல்லைப்புறத்தில் சமையற்காரர் பாயசத்தில் ஏலப்பொடியைத் தூவுகிறார். வாசல் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் சம்பந்திக்கு அது தெரிவதற்குள் அவர் ஒரு வெற்றிலை போட்டு முடித்துவிடுகிறார். கிளாஸியஸ் கணக்குப்படி பார்த்தால் பொடி விழும்போதே அவர் எழுந்து பந்திக்கு வந்திருக்க வேண்டும்!

கிளாஸியஸ் கோபித்துக்கொள்ளவில்லை. யோசித்தார். 1858-லேயே பதில் எழுதினார். மூலக்கூறு வேகமாகத்தான் ஓடுகிறது, ஆனால் நேராக ஓட முடிவதில்லை, அடி எடுத்து வைத்ததும் இன்னொரு மூலக்கூறு குறுக்கே வந்து முட்டுகிறது, திரும்புகிறது, மறுபடி முட்டுகிறது என்றார். ஒரு முட்டலுக்கும் அடுத்த முட்டலுக்கும் இடையே அது தடையின்றி ஓடும் தூரம் எவ்வளவு என்ற எண்ணம் அந்தப் பதிலில்தான் பிறந்தது. நாம் சுவாசிக்கும் காற்றில் அந்தத் தூரம் ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு கூட இல்லை. தேர்த் திருவிழாக் கூட்டத்தில் அகப்பட்ட ஓட்டப் பந்தய வீரனை நினைத்துக்கொள்ளுங்கள். காலில் வேகத்துக்குக் குறைவில்லை. போய்ச் சேருவதுதான் இல்லை.

ஸ்காட்லாந்து தேசத்து மாக்ஸ்வெல் இந்தக் கருத்தைப் பிடித்துக்கொண்டு 1860-இல் வாயுக்களின் கணிதத்தையே புதிதாக எழுதினார். 1873-இல் பிராட்ஃபோர்டு நகரத்தில் ஒரு சபையில் பேசும்போது அவர் அம்மோனியா புட்டி ஒன்றைக் காட்டினார். காற்று மட்டும் வழிமறிக்காமல் இருந்தால், நான் இதன் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் கடைசி வரிசைக்காரருக்கும் இது எட்டியிருக்கும் என்று வேடிக்கையாகச் சொன்னார். இதற்கிடையே 1865-இல் வியன்னாவில் லோஷ்மிட் என்பவர், அந்த முட்டல் தூரத்தைக் கொண்டே மூலக்கூறின் பருமனை மதிப்பிட்டுவிட்டார். அறையின் மூலையில் நாற்றம் ஏன் தாமதமாக வருகிறது என்ற சில்லறைக் கேள்வி, கணாதர் காலத்திலிருந்து யாரும் கையால் தொட்டறியாத அணுவுக்கு அளவுகோல் செய்து கொடுத்துவிட்டது!

லினலூலுக்கு நாமும் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நம் ஊர் வெப்பத்தில் அதன் மூலக்கூறு விநாடிக்குச் சுமார் 220 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. அந்த ஒரு விநாடிக்குள் நூறு கோடிக்கு மேற்பட்ட முட்டல்கள். காற்றை அசையாமல் கட்டிப்போட்டால், இப்படி முட்டி மோதிக்கொண்டே அது ஒரு மீட்டர் தூரம் பரவ ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். தூரம் பத்து மடங்கானால் காலம் நூறு மடங்காகும். ஆகையால் தெருவின் இந்தப் பக்கத்து மல்லிகைப் பந்தல் அந்தப் பக்கத்து வீட்டுக்கு மணக்க மூன்று மாதம் பிடிக்கும். அதற்குள் அந்த வீட்டுக்குக் குடித்தனக்காரர் மாறிவிடுவார்.

அப்படி நடப்பதில்லையே, ஏன்? காற்றை யாரும் கட்டிப்போட முடிவதில்லை என்பதால்தான். கதவு திறந்தால், ஆள் நடந்தால், விளக்கு எரிந்தால், தரை சூடேறினால் காற்று அசைகிறது. மெல்லிய தென்றல் கூட விநாடிக்கு ஒரு மீட்டர் போகிறது. தெருவைக் கடக்க அதற்குப் பத்து விநாடி போதும். பூவிதழை விட்டுக் கிளம்பும் முதல் மயிரிழை தூரம்தான் மூலக்கூறின் சொந்த முயற்சி. மற்றதெல்லாம் காற்று போட்ட வழி. யூட்ரெக்ட் நகரத்துக் காற்று நிபுணர் இதைக் கேட்டால் மகிழ்ந்திருப்பார்.

அந்தப் பயணமும் ஒழுங்கான பயணம் அன்று. ஆற்றில் கரைத்த மஞ்சள் போல மணம் சீராகக் கலந்து போவதாக நாம் நினைக்கிறோம். உண்மையில் அது ஊதுவத்திப் புகை மாதிரி இழை இழையாகப் பிரிந்து, சுழன்று, அறுந்து போகிறது. நடுநடுவே மணமே இல்லாத வெற்றுக் காற்று. தெருவில் நடக்கும்போது பாரிஜாத மணம் ஒரு கணம் வந்து மறுகணம் இல்லாமல் போவது நம் மூக்கின் குறை அன்று. அறுந்த இழைகளுக்கு நடுவே நடக்கிறோம். 1974-இல் கென்னடி என்னும் ஆங்கிலேயரும் அவருடைய சகாவான மார்ஷ் என்பவரும் அந்துப்பூச்சிகளைக் காற்றுச் சுரங்கத்தில் பறக்கவிட்டுப் பார்த்தார்கள். மணத்தின் இழை கிடைத்தால் பூச்சி காற்றை எதிர்த்து முன்னேறுகிறது. இழை அறுந்தால் இடமும் வலமுமாகப் பக்கவாட்டில் வீசித் தேடுகிறது. கிடைத்தால் மறுபடி முன்னேற்றம். கண் தெரியாதவர் கோலால் தட்டித் தட்டிப் பாதை அறிவதைப் போல, பூச்சி தன் உணர்கொம்புகளால் மணத்தைத் தட்டிப் பார்த்துக்கொண்டு போகிறது.

மல்லிகையும் பாரிஜாதமும் இரவில் மணப்பதற்குக் காரணம் இருக்கிறது. அந்துப்பூச்சி இரவில் திரிகிறது என்பது ஒன்று. இன்னொன்று காற்றின் சுபாவம். பகலில் வெயில் தரையைச் சுட, காற்று கொதிக்கும் பானை நீர்போல் மேலே எழும்புகிறது. மணத்தையும் தூக்கிக்கொண்டு போய் உயரத்திலே கலைத்துவிடுகிறது. இரவில் தரை குளிர்கிறது. குளிர்ந்த காற்று மேலே எழாமல் தரையோடு படுத்துவிடுகிறது. மணமும் பாய் விரித்தாற்போலத் தாழவே நகர்கிறது.

* * *

இனி விருத்தாசலத்துக்கு வருவோம். ரயில் சந்திப்பு என்ற அளவிலே பலருக்கு அந்த ஊரைத் தெரியும். பீங்கான் ஊர் என்ற பெயரும் அதற்கு உண்டு. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி எடுக்கத் தோண்டியபோது, கரிக்கு மேலே வெள்ளைக் களிமண் கிடைத்தது. கரி மின்சாரமாயிற்று, களிமண் பீங்கான் ஆயிற்று. விருத்தாசலத்தில் பீங்கான் தொழிற்பேட்டையும் அந்தத் தொழிலைக் கற்பிக்கும் அரசாங்கக் கல்வி நிலையமும் இருக்கின்றன. ஊருக்கு வெளியே போனால் முந்திரித் தோப்புகள். அங்குள்ள வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தின் பெயரை முதலெழுத்தாகக் கொண்ட வி.ஆர்.ஐ. முந்திரி ரகங்களை விவசாயிகள் அறிவார்கள். பூக்கும் பருவத்தில் அந்தப் பக்கம் போனால், வெள்ளையாகப் பூத்து இளஞ்சிவப்பாக மாறும் அந்தச் சின்னஞ்சிறு பூக்களின் இனிய மணம் வழியெல்லாம் வரும். பூவும் மண்ணும் அடுத்தடுத்து வாழும் ஊர்.

அங்கே ஒரு பட்டறைக்கு நான் போயிருந்தேன். சூளையிலிருந்து வந்த பொம்மைகளை ஓர் அம்மாள் தரம் பிரித்துக்கொண்டிருந்தார். சில பளபளவென்று இருந்தன. சில சுண்ணாம்புக் கட்டிபோல் மங்கலாக இருந்தன. வித்தியாசம் என்ன என்று கேட்டேன்.

"இது ஒரு சூளை கண்டது சார். கிளேஸ் போடல. அது கிளேஸ் போட்டு ரெண்டாஞ் சூளை கண்டது. வேணும்னா நாக்குல வச்சுப் பாருங்க, தெரியும்" என்றார்.

வைத்துப் பார்த்தேன். மங்கலான பொம்மை நாக்கைப் பிடித்து இழுத்தது. பளபளப்பானது கண்ணாடிபோல் வழுக்கியது.

"ஒட்டுதுல்ல? அது தண்ணியக் குடிக்கும். எண்ணெய வச்சா எண்ணெயக் குடிக்கும். எது பக்கத்துல வச்சாலும் குடிக்கும். இது ஒண்ணையும் குடிக்காது" என்று சொல்லிவிட்டு அந்த அம்மாள் தம் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

எது பக்கத்தில் வைத்தாலும் குடிக்கும்! பூவோடு சேர்ந்த நார் இதுதானே என்று எனக்குத் தோன்றிற்று. களிமண்ணிலும் ஒருமுறை சுட்ட மண்ணிலும் கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான நுண்துளைகள் இருக்கின்றன. காற்றில் வரும் ஆவியை அவை பிடித்து வைத்துக்கொள்கின்றன. பழைய நாள் கனிப்பொருள் நிபுணர்கள் களிமண்ணை அடையாளம் காண, அதன்மேல் வாயால் ஊதி முகர்ந்து பார்ப்பார்கள். மூச்சின் ஈரம் பட்டதும் ஒரு மண்வாசனை கிளம்பும். அதற்குக் களிமண் மணம் என்றே அவர்கள் பெயர் வைத்திருந்தார்கள்.

அந்த மணம் எங்கிருந்து வருகிறது என்று 1964-இல் இருவர் ஆராய்ந்தார்கள். ஆஸ்திரேலியாவில் அரசாங்க விஞ்ஞான ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த இஸபெல் ஜாய் பேர் என்னும் பெண்மணியும் ரிச்சர்டு தாமஸ் என்பவரும் அவர்கள். காய்ந்த களிமண்ணையும் பாறைகளையும் நீராவியில் வடித்தார்கள். மஞ்சள் நிறமான ஓர் எண்ணெய் இறங்கிற்று. முதல் மழையின் மணம் முழுவதும் அதிலே இருந்தது. செடிகொடிகளிலிருந்து எழுந்து காற்றில் அலையும் எண்ணெய் ஆவிகளை வறட்சிக் காலம் முழுவதும் மண்ணும் கல்லும் குடித்து வைக்கின்றன. மழை ஈரம் பட்டதும் கக்கிவிடுகின்றன என்பது அவர்கள் கண்ட முடிவு. கல் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லையும், அந்நாட்டுப் புராணத்தில் தேவர்களின் நாளங்களில் ஓடும் குருதிக்கு உள்ள பெயரையும் சேர்த்து, அந்த மணத்துக்குப் பெட்ரிகோர் என்று பெயர் சூட்டினார்கள்.

இந்த விஷயம் நம் நாட்டார் முன்னமே அறிந்தது என்பதை அவர்களே தம் கட்டுரையில் சொல்லியிருக்கிறார்கள். உத்தரப் பிரதேசத்தில், கங்கைக் கரையை அடுத்த கன்னோசியில், மண் அத்தர் என்று ஒன்று வடிக்கிறார்கள். அரைவேக்காடாகச் சுட்ட களிமண் வில்லைகளைச் செம்பு அண்டாவில் தண்ணீரோடு போட்டு, வாயைப் பஞ்சும் மண்ணும் வைத்துப் பூசி, அடியில் தீ மூட்டுகிறார்கள். ஆவி மூங்கில் குழாய் வழியாகப் போய், தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்திய இன்னொரு செம்புப் பாத்திரத்தில் இறங்குகிறது. அங்கே சந்தன எண்ணெய் காத்திருக்கிறது. ரோஜாவையும் மல்லிகையையும் வடிக்கும் அதே அண்டா, அதே குழாய், அதே முறை. பூவைப் போட்டால் பூ அத்தர். மண்ணைப் போட்டால் மழை அத்தர்.

நாயனார் வெட்டி வைத்த மச்சத்தை இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும். ஆற்றில் போட்ட பொன்னும் குளத்தில் எடுத்த பொன்னும் ஒரே மாற்றா? இல்லை. பூவின் மணம் மண்ணுக்குள் மாதக்கணக்கில் கிடந்து, சிதைந்து, வேறு பொருளாகிவிடுகிறது. அதோடு மண்ணுக்கே சொந்தமான ஒரு பங்கும் சேர்கிறது. 1965-இல் அமெரிக்காவில் கெர்பர், லெஷவாலியே என்னும் இருவர் கண்டு சொன்ன ஜியோஸ்மின் என்ற பொருளை மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் செய்கின்றன. முதல் மழை மணத்தில் பெரும் பங்கு அதற்கு உண்டு. மண்ணின் குணமே மணம் என்ற வைசேஷிகருக்கு இது போதும். மழைத்துளி அதை எப்படிக் காற்றில் ஏற்றுகிறது என்பதையும் 2015-இல் அமெரிக்காவின் மாஸசூஸெட்ஸ் தொழில்நுட்ப நிலையத்தார் படம் பிடித்துவிட்டார்கள். துளி விழுந்ததும் மண் துளைகளில் இருந்த காற்று அதற்குள் குமிழியாக ஏறி, சோடா புட்டியில் வருவதுபோல் மேலே வெடித்து, நுண்திவலைகளை வீசுகிறது. கொட்டும் மழையைவிடத் தூறலும் மிதமான மழையும் இந்த வேலையை நன்றாகச் செய்கின்றன.

* * *

இத்துடன் நிறுத்திக்கொண்டால் சுகமாக இருக்கும். ஆனால் சரித்திரம் இன்னும் ஒரு படி போயிருக்கிறது.

காற்றில் போட்ட மணம் முழுவதும் மண்ணுக்கோ பூச்சிக்கோ போய்ச் சேர்வதில்லை. வழியிலே கொள்ளை போகிறது. ஓஸோன் முதலியவை காற்றில் எப்போதும் உண்டு. அவை பூமணத்தின் மூலக்கூறுகளைத் தாக்கிச் சிதைத்துவிடும். இது ஆதிகாலம் முதல் நடக்கும் கொள்ளைதான். நம் வண்டிகளும் ஆலைகளும் விடும் புகை, அந்தக் கொள்ளைக்காரர்களின் கூட்டத்தைப் பெருக்கிவிட்டது. 2008-இல் அமெரிக்காவின் வர்ஜீனியா சர்வகலாசாலையைச் சேர்ந்த மூவர் இதைக் கணக்கிட்டார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் சுத்தமான காற்றில் ஒரு பூவின் மணம் 1,000 முதல் 1,200 மீட்டர் வரை போயிருக்கும். பெரிய நகரங்களின் புகை படியும் இடங்களில் இன்று 200 முதல் 300 மீட்டர்தான் போகும் என்று கண்டார்கள்.

இது கணக்குத்தானே, கண்ணால் கண்டவர் உண்டா என்று கேட்கலாம். 2024-இல் வாஷிங்டன் சர்வகலாசாலையார் கண்டு சொன்னார்கள். இரவில் மலரும் ஒரு வெள்ளைப் பூவையும் அதை நாடும் பருந்து அந்துப்பூச்சியையும் எடுத்துக்கொண்டார்கள். புகையிலிருந்து வரும் நைட்ரஜன் டையாக்ஸைடும் ஓஸோனும் கூடினால் நைட்ரேட் ராடிகல் என்று ஒன்று உண்டாகிறது. பகல் வெளிச்சம் அதை அழித்துவிடும். இரவிலேதான் அதற்கு ஆதிக்கம். அது பூமணத்தின் எல்லாச் சரக்கையும் தொடுவதில்லை. சிலவற்றை மட்டும் பொறுக்கி அழிக்கிறது. ஆனால் அந்தச் சிலதான் பூச்சிக்கு அடையாளம். அவை சிதைந்த மணத்தைச் செயற்கைப் பூவில் வைத்துக் காட்டில் நிறுத்தியபோது, பூச்சிகளின் வருகை சுமார் 70 சதவீதம் குறைந்துவிட்டது. பூ இருக்கிறது, பூச்சியும் இருக்கிறது. இருவருக்கும் நடுவே போன கடிதத்தில் எழுத்துக்கள் அழிந்துபோய்விட்டன.

1,200 மீட்டர் 300 மீட்டர் ஆயிற்று என்றால் நாலில் ஒரு பங்குதானே என்று நினைக்கத் தோன்றும். அப்படி அல்ல. பூவை நடுவில் வைத்து வட்டம் போட்டுப் பாருங்கள். ஆரம் நாலில் ஒன்றானால் பரப்பு பதினாறில் ஒன்று. முன்பு பதினாறு காணி நிலத்திலே திரிந்த பூச்சிகளுக்கு எட்டிய செய்தி, இப்போது ஒரு காணிக்குள் இருப்பவற்றுக்குத்தான் எட்டும். மற்றவை பசியோடு திரியும். பூவும் காய்க்காமல் உதிரும்.

மல்லிகைக்கு இதனால் பெரிய நஷ்டம் இல்லை. அதை நாம் பதியன் போட்டு வளர்க்கிறோம். மொட்டிலேயே பறித்தும் விடுகிறோம். முந்திரியின் சமாசாரம் வேறு. அதன் மகரந்தம் பிசுபிசுப்பானது. காற்று அதைச் சுமக்காது. ஈயும் தேனீயும் எறும்பும் வந்துதான் சுமக்க வேண்டும். விருத்தாசலத்தைச் சுற்றி எத்தனையோ குடும்பங்களுக்கு அடுப்பு எரிவது அந்தக் கொட்டையினால். அதே ஊரில் இன்னும் பல குடும்பங்களுக்கு அடுப்பு எரிவது சூளையினால். சற்றுத் தள்ளி நெய்வேலியில் 1962 முதல் கரி எரிந்து மின்சாரம் வருகிறது. இதில் எதையும் நிறுத்து என்று சொல்ல நான் வரவில்லை. சூளையையும் தோப்பையும் எதிரிகளாக்கிப் பேசுவது சோற்றையும் குழம்பையும் எதிரிகளாக்குவது போலாகும்.

ஆனால் நாயனார் செய்ததை நாமும் செய்யலாம் அல்லவா? அந்த ஊரிலே முந்திரியை ஆராய்கிறவர்கள் இருக்கிறார்கள். களிமண்ணை ஆராய்கிறவர்களும் இருக்கிறார்கள். பூக்கும் பருவத்தில் ஒரு தோப்பின் நடுவிலும், நூறு மீட்டருக்கு ஒன்றாகக் காற்று போகும் பக்கத்திலும், கிளேஸ் போடாத ஒரு சூளை கண்ட சில்லுகளை வரிசையாக வைக்கட்டும். ஒரு வாரம் கழித்து எடுத்து, எந்தச் சில்லு எதைக் குடித்திருக்கிறது என்று வடித்துப் பார்க்கட்டும். மணம் எந்த இடம் வரை போகிறது, எந்த இடத்தில் அதன் மாற்றுக் குறைகிறது என்று தெரிந்துவிடும். வருஷா வருஷம் அதே இடத்தில் வைத்தால், பாதை நீள்கிறதா குறுகுகிறதா என்பதும் தெரியும். சில்லுக்குச் செலவு அதிகம் இல்லை; பட்டறையில் உடைந்தது நிறையக் கிடக்கிறது.